டைவ் கம்ப்யூட்டர் இல்லாமல் டைவ் கணக்கு வைப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூரிலிருந்து புதுச்சேரிக்குப் போய் டைவ் செய்கிறவன் நான். கோர்ஸ் முடித்த முதல் இரண்டு வருடம் என்னிடம் டைவ் கம்ப்யூட்டர் கிடையாது. ஆழம் காட்டும் கேஜ், சுழலும் வளையம் வைத்த கைக்கடிகாரம், தண்ணீருக்குள் எழுத ஒரு ஸ்லேட், வீட்டில் பழைய லேப்டாப், அவ்வளவுதான். இப்போது புதிதாக டைவ் பழகுகிற நம் பக்கத்துப் பிள்ளைகள் என்னிடம் கேட்கும் கேள்விகள் எல்லாம் அந்த இரண்டு வருடத்தில் நானே கேட்டவை. பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். முறையாகப் பயிற்சி எடுத்து சான்றிதழ் வாங்கியவர்களுக்குத்தான் இது. படித்துவிட்டு நேராகக் கடலில் இறங்குவதற்கு இல்லை.

டைவ் கம்ப்யூட்டர் அப்படி என்னதான் செய்கிறது?

கடலில் ஒவ்வொரு 10 மீட்டர் இறங்கும்போதும் அழுத்தம் ஒரு பார் கூடுகிறது. மேலே காற்று தரும் ஒரு பாரையும் சேர்த்தால் 18 மீட்டரில் 2.8 பார். அந்த அழுத்தத்தில் மூச்சு விட்டுக்கொண்டே இருந்தால் காற்றில் உள்ள நைட்ரஜன் ரத்தத்திலும் தசையிலும் கொழுப்பிலும் கரைந்துகொண்டே போகும். கூடுதல் நேரம் இருந்துவிட்டு வேகமாக மேலே வந்தால் சோடா பாட்டிலைத் திறந்தது போல அது குமிழாக வெளியே வரும். டைவ் கம்ப்யூட்டர் சில விநாடிக்கு ஒருமுறை ஆழத்தை அளந்து, உடம்பில் எவ்வளவு நைட்ரஜன் சேர்ந்திருக்கும் என்று கணக்குப் போட்டு, இன்னும் எத்தனை நிமிடம் இருக்கலாம் என்று அந்த நொடியிலேயே சொல்கிறது.

அது கையில் இல்லையென்றால் அந்தக் கணக்கை இறங்குவதற்கு முன்பே போட்டு முடித்திருக்க வேண்டும். தண்ணீருக்குள் போனபின் கணக்குப் போட முடியாது, போட்ட கணக்கைக் காப்பாற்றத்தான் முடியும்.

அப்படியானால் லேப்டாப்பில் டைவ் கணக்குப் போடும் மென்பொருள் டைவ் கம்ப்யூட்டருக்கு மாற்றா?

இல்லை. நான் மிக அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான். டைவ் கம்ப்யூட்டர் நீங்கள் உண்மையில் போன ஆழத்தைப் பார்க்கிறது. மென்பொருள் நீங்கள் எழுதிக் கொடுத்த ஆழத்தை மட்டும்தான் பார்க்கிறது. 21 மீட்டர் போய்விட்டு 18 என்று எழுதினால், 18 மீட்டருக்கு உரிய அழகான வரைபடத்தைப் போட்டுக் காட்டும். அதைப் பார்த்து நீங்களும் நம்பிவிடுவீர்கள்.

மென்பொருள் எழுதியவர்களே இதைச் சொல்லியிருக்கிறார்கள். சப்சர்ஃபேஸ் என்ற மென்பொருளில் ஒரு திட்டம் போட்டால், இந்த முடிவை மட்டும் நம்பி டைவ் செய்யாதீர்கள் என்ற எச்சரிக்கையும் கூடவே வரும். வாங்க முடிகிற நிலை வரும்போது ஒரு சாதாரண கம்ப்யூட்டர் வாங்கிவிடுங்கள். வாடகைக்குக் கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள். அதுவரைக்கும், அதற்குப் பிறகும்கூட, கணக்கு எழுதவும் முன்கூட்டித் திட்டம் போடவும் மென்பொருள் நல்ல துணை.

எந்த மென்பொருள்?

நான் பயன்படுத்துவது சப்சர்ஃபேஸ். இலவசம், மூல நிரல் திறந்தது, விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். ஆண்ட்ராய்டு, ஐபோன் செயலியும் உண்டு. லினக்ஸை எழுதிய லினஸ் டோர்வால்ட்ஸ் தான் 2011இல் இதைத் தொடங்கினார். அவரும் டைவர். பின்னாளில் டிர்க் ஹோன்டல் பொறுப்பேற்று வளர்த்தார்.

இதை நான் விரும்புவதற்குக் காரணம், எழுதுவதும் திட்டம் போடுவதும் ஒரே இடத்தில் நடக்கிறது. காலையில் செய்த டைவை ஏற்றியிருந்தால், மதிய டைவுக்குத் திட்டம் போடும்போது மிச்ச நைட்ரஜனையும் அது கணக்கில் சேர்த்துக்கொள்கிறது. இணையம் இல்லாமலும் வேலை செய்யும். படகில் சிக்னல் போய்விடும் என்பதால் இது முக்கியம்.

தண்ணீருக்குள் என்னென்ன கொண்டுபோக வேண்டும்?

ஆழம் காட்டும் கேஜ், நேரம் காட்டும் கடிகாரம், சிலிண்டர் பிரஷர் கேஜ், பென்சில் கட்டிய ஸ்லேட். கடிகாரத்தை நம்பி இறங்குகிறோம் என்றால் கூட வருகிற டைவரிடமும் ஒரு கடிகாரம் இருக்கட்டும்.

ஆழ கேஜில் பெரும்பாலும் இரண்டு முள் இருக்கும். ஒன்று இப்போதைய ஆழம். இன்னொன்று அந்த டைவில் போன அதிகபட்ச ஆழத்தில் போய் நின்றுவிடும் முள். ஒவ்வொரு டைவுக்கு முன்பும் அந்த இரண்டாவது முள்ளைக் கையால் பூஜ்யத்துக்குத் திருப்பி வைக்க வேண்டும்.

ஒருநாள் இரண்டாவது டைவுக்கு முன் நான் அதைத் திருப்பவில்லை. மேலே வந்து பார்த்தால் 21இல் நிற்கிறது. முதல் டைவின் 21 அது. இரண்டாவதில் நான் 14 போனேனா 16 போனேனா என்று எனக்குச் சத்தியமாகத் தெரியவில்லை. கூட வந்தவரும் கவனிக்கவில்லை. வேறு வழியில்லாமல் 21 என்றே ஏற்றினேன். அதன் விளைவாக மென்பொருள் அன்றைய மூன்றாவது டைவுக்குக் கொடுத்த நேரம் மிகக் குறைந்துபோனது, நான் படகிலேயே உட்கார்ந்துவிட்டேன். அன்றிலிருந்து ரெகுலேட்டரில் மூச்சு இழுத்துப் பார்க்கும் போதே முள்ளையும் திருப்பிவிடுவேன். இரண்டும் ஒரே சேர நடக்கிற வேலையாகிவிட்டது.

ஸ்லேட்டில் என்ன எழுதுவது?

இறங்கும் முன் வலப்பக்கம் திட்டம்: ஆழம், அடியிலிருந்து கிளம்ப வேண்டிய நிமிடம், திரும்ப வேண்டிய பிரஷர். இடப்பக்கம் நடந்தது: இறங்கிய மணி, தொடங்கிய பிரஷர். தண்ணீருக்குள் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு வரி போதும். "10 – 17 – 160" என்று எழுதினால், பத்தாவது நிமிடம், 17 மீட்டர், 160 பார். மேலே வந்ததும் மணி, மிச்ச பிரஷர், அதிகபட்ச ஆழம்.

படகில் ஏறியதும் முதலில் செய்ய வேண்டியது ஸ்லேட்டை செல்போனில் ஒரு படம் எடுப்பது. டீ, பிஸ்கட், பேச்சு எல்லாம் அப்புறம். ஃபின்ஸ், வெயிட் பெல்ட்டுக்கு நடுவில் போட்ட ஸ்லேட் உரசி உரசிப் பென்சில் எழுத்து மங்கிவிடும். "17" என்பது "11" போலத் தெரியும். அப்படி மங்கிய எண்ணை ஞாபகத்தை வைத்து நிரப்பும்போது மனது எப்போதும் குறைவான எண்ணைத்தான் தேர்ந்தெடுக்கிறது. நான் கவனித்துப் பார்த்திருக்கிறேன். வீட்டுக்குப் போய்ப் பாத்திரம் தேய்க்கும் நாரில் கொஞ்சம் பற்பசை வைத்துத் தேய்த்தால் ஸ்லேட் புதுசு போல ஆகிவிடும்.

சப்சர்ஃபேஸில் டைவை எப்படி ஏற்றுவது?

லாக், அதாவது டைவ் பதிவு, என்ற மெனுவில் ஆட் டைவ் என்று இருக்கும். அழுத்தியதும் ஒரு வெற்று டைவ் வரும். தேதி, இறங்கிய மணி, மொத்த நேரம், அதிகபட்ச ஆழம் கொடுத்தால் அடிப்படை முடிந்தது. எக்விப்மென்ட் பகுதியில் சிலிண்டர் வகையையும் தொடக்க, முடிவு பிரஷரையும் போடுங்கள். நம் பக்கம் பெரும்பாலும் கிடைப்பது 11.1 லிட்டர் அலுமினிய சிலிண்டர், ஏஎல்80 என்ற பெயரில் பட்டியலில் இருக்கும். இடம், கூட வந்தவர், தண்ணீர் தெளிவா கலங்கலா, எவ்வளவு எடை கட்டினேன் என்பதையும் குறிப்பில் எழுதுகிறேன். அடுத்த தடவை எத்தனை கிலோ கட்டுவது என்ற கேள்விக்கு இந்தக் குறிப்புதான் பதில்.

மணியைப் போடும்போது காலை, மாலை குறியைச் சரிபாருங்கள். காலை 8.00 மணிக்கு முதல் டைவ், 10.30க்கு இரண்டாவது. இரண்டாவதைத் தவறி இரவு 10.30 என்று ஏற்றினால், நடுவில் பதின்மூன்று மணி நேரத்துக்கு மேல் இடைவெளி இருந்ததாக மென்பொருள் எடுத்துக்கொள்ளும். முதல் டைவின் நைட்ரஜன் கிட்டத்தட்ட எல்லாம் போய்விட்டது என்று கணக்குப் போடும். அந்தப் பட்டியலை வைத்து மறுநாளுக்குத் திட்டம் போட்டால் அது தப்பான திட்டம். ஏற்றியபின் பட்டியலை மேலிருந்து கீழே ஒருமுறை வாசித்தால் இந்தப் பிழை கண்ணில் பட்டுவிடும்.

வரைபடத்தை நானே வளைத்து வரையலாமா?

வரையலாம். புள்ளிகளை மவுஸால் இழுக்கலாம், கோட்டின் மேல் இரண்டு முறை சொடுக்கினால் புதுப் புள்ளி வரும். 18 மீட்டரில் 15 நிமிடம், அப்புறம் 14இல் 15 நிமிடம், அப்புறம் ஏறும் வழியில் பாதுகாப்புக்காக 5 மீட்டரில் மூன்று நிமிடம் நிற்கும் சேஃப்டி ஸ்டாப் என்று படிப்படியாக வரைய முடியும்.

ஆனால் ஸ்லேட்டில் எழுதிய வரி இருந்தால் மட்டும் அப்படிச் செய்யுங்கள். ஞாபகத்திலிருந்து படிக்கட்டு வரையாதீர்கள். "பாதி நேரம் மேலேதான் இருந்தோம்" என்று நினைப்பு சொல்லும், உண்மையில் ஐந்து நிமிடம்தான் இருந்திருப்போம். எழுத்து இல்லாத டைவ் என்றால் முழு நேரமும் அதிகபட்ச ஆழத்திலேயே இருந்ததாக, சதுரமாக ஏற்றிவிடுங்கள். எந்த ஆழத்தில் எத்தனை நிமிடம் இருக்கலாம் என்று அச்சடித்த டைவ் டேபிளும் அப்படித்தான் கணக்கு வைக்கிறது. அழகான வரைபடத்தைவிடப் பாதுகாப்பான வரைபடம்தான் அடுத்த டைவுக்கு உதவும்.

அடுத்த டைவுக்குத் திட்டம் போடுவது எப்படி?

லாக் மெனுவிலேயே பிளான் டைவ் இருக்கிறது. முதலில் சிலிண்டரையும் காற்றையும் சொல்லுங்கள். அப்புறம் ஆழமும் நேரமும். ஏறும் வேகத்தை நிமிடத்துக்கு 9 மீட்டராக வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் வகையில் உப்புநீரைத் தேர்ந்தெடுங்கள்.

பொழுதுபோக்கு டைவர்களுக்கென்று ரெக்ரியேஷனல் மோட் என்ற முறை இருக்கிறது. அதைப் போட்டால், கொடுத்த ஆழத்தில் டெகோ நிறுத்தம் (நைட்ரஜன் வெளியேற ஏறும் வழியில் கட்டாயமாக நிற்பது) தேவைப்படாமலும் நீங்கள் சொன்ன இருப்புக் காற்றைத் தொடாமலும் அதிகபட்சம் எத்தனை நிமிடம் இருக்கலாம் என்று அதுவே சொல்லிவிடும். நமக்கு வேண்டியது இந்த முறைதான். மற்றவை டெக்னிகல் பயிற்சி எடுத்தவர்களுக்கு.

திட்டம் போடும் முன் இரண்டு நாள் டைவ் அத்தனையும் ஏற்றப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். மென்பொருளில் நைட்ரஜனைக் கணக்கிடும் முறையான பூல்மன் கணக்கு உடம்பை 16 பகுதியாகப் பிரித்துப் பார்க்கிறது. சில பகுதி நாலைந்து நிமிடத்திலேயே பாதி நிரம்பும். மிக மெதுவான பகுதி பாதி நிரம்பவோ பாதி காலியாகவோ 635 நிமிடம் ஆகும், அதாவது பத்தரை மணி நேரத்துக்கு மேல். ராத்திரி நன்றாகத் தூங்கி எழுந்தாலும் நேற்றைய டைவின் ஒரு பங்கு உடம்பில் இருக்கிறது என்பது இதிலிருந்து புரியும்.

மென்பொருள் இருக்கும்போது டேபிள் எதற்கு?

சரிபார்க்க. 1908இல் ஹால்டேன் என்ற உடலியல் அறிஞரும் கூட்டாளிகளும் ஆடுகளை அழுத்த அறையில் வைத்துச் சோதித்து முதல் டேபிளைக் கொடுத்தார்கள். அன்றிலிருந்து எத்தனையோ திருத்தம் வந்துவிட்டது. இன்று நாம் கோர்ஸில் பார்ப்பவற்றில் ஒன்று பேடி என்ற டைவ் பயிற்சி நிறுவனம் 1988இல் கொண்டுவந்த டேபிள். அதன்படி முதல் டைவுக்கு 12 மீட்டரில் 147 நிமிடம், 18இல் 56, 20இல் 45, 25இல் 29, 30இல் 20 நிமிடம் வரை டெகோ இல்லாமல் இருக்கலாம்.

லேப்டாப் கொடுத்த நேரத்தை இந்த எண்ணோடு ஒப்பிடுங்கள். 18 மீட்டருக்கு லேப்டாப் 90 நிமிடம் என்று சொன்னால் எங்கோ தட்டச்சுப் பிழை இருக்கிறது. ஆழம் அடி கணக்கில் இருக்கலாம். இரண்டில் எது குறைவோ அதை எடுத்துக்கொள்வது என் வழக்கம். பிளாஸ்டிக் டேபிளுக்கு பேட்டரி தீராது, அதனால் பையில் எப்போதும் ஒன்று கிடக்கும்.

கிரேடியன்ட் ஃபேக்டர் என்று இரண்டு எண் கேட்கிறதே?

பூல்மன் கணக்கு அனுமதிக்கும் எல்லையில் எத்தனை சதவீதம் வரை போகலாம் என்று நாம் வைக்கிற வரம்பு அது. 100 என்றால் எல்லைக்கோட்டிலேயே நிற்பது. எண் குறையக் குறையப் பாதுகாப்பு கூடும், நேரம் குறையும். டெகோ இல்லாத டைவுக்கு இரண்டாவது எண்தான், அதாவது ஹை, முக்கியம். கம்ப்யூட்டர் இல்லாத நாட்களில் நான் அதை 75க்கு மேல் வைத்ததில்லை. வயது, உடல் எடை, தூக்கம் கெட்டது, தண்ணீர் குடிக்காதது இதெல்லாம் அந்தக் கணக்குக்குத் தெரியாது. அதற்கான இடத்தை நாம்தான் விட வேண்டும்.

காற்று எவ்வளவு நேரம் வரும் என்று கணக்குப் போட முடியுமா?

முடியும். டைவ் கணக்கு எழுதுவதில் உடனே பலன் தருகிற இடம் இதுதான், கொஞ்சம் நின்று பார்ப்போம்.

ஒரு டைவில் 200 பாரில் தொடங்கி 70இல் ஏறினீர்கள். 130 பார் செலவு. சிலிண்டர் 11.1 லிட்டர். பெருக்கினால் 1443 லிட்டர். 42 நிமிடம் இருந்தீர்கள், ஆக நிமிடத்துக்கு 34 லிட்டர் சொச்சம். சராசரி ஆழம் 14 மீட்டர், அங்கே அழுத்தம் 2.4 பார். வகுத்தால் நிமிடத்துக்கு 14.3 லிட்டர். அதே மூச்சை நீர்மட்டத்து அழுத்தத்தில் இழுத்தால் எவ்வளவு செலவாகுமோ அந்த அளவு இது. சப்சர்ஃபேஸ் இதை எஸ்ஏசி என்ற பெயரில் ஒவ்வொரு டைவுக்கும் தானே கணக்கிட்டுக் காட்டும். பிரஷரும் ஆழமும் சரியாகக் கொடுத்திருந்தால் போதும். பத்துப் பதினைந்து டைவ் சேர்ந்தால் உங்கள் எண் என்ன என்பது தெரிந்துவிடும். நீரோட்டம் இழுத்த நாளில் அது எவ்வளவு ஏறுகிறது என்பதும் தெரியும்.

இப்போது திட்டம். புதுச்சேரியில் டெம்பிள் ரீஃப் என்கிற செயற்கைப் பாறைத்திட்டு ஏறத்தாழ 18 மீட்டரில் இருக்கிறது, நம்மில் பலருக்கு அதுதான் பழக்கமான இடம். முதலில் அவசரத்துக்கு ஒதுக்க வேண்டிய இருப்புக் காற்று. கூட வருகிறவரின் காற்று அடியில் தீர்ந்துபோனது, ஒரே சிலிண்டரில் இருவரும் மேலே வர வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பதற்றத்தில் ஆளுக்கு 30 லிட்டர், இருவருக்கும் நிமிடத்துக்கு 60. அடியில் நிதானப்பட ஒரு நிமிடம், 2.8 பாரில். மேலே ஏற இரண்டு நிமிடம், சராசரி 1.9 பாரில். 5 மீட்டரில் நிற்க மூன்று நிமிடம், 1.5 பாரில். 2.8, 3.8, 4.5 மூன்றையும் கூட்டினால் 11.1. அதை 60ஆல் பெருக்கினால் 666 லிட்டர். 11.1 லிட்டர் சிலிண்டரில் அது 60 பார்.

அதாவது 60 பாரைத் தொடக்கூடாது. மிச்சம் 140 பார், 1554 லிட்டர். நிமிடத்துக்கு 15 லிட்டர் இழுப்பவருக்கு 18 மீட்டரில் நிமிடத்துக்கு 42 லிட்டர் செலவாகும். 37 நிமிடம் வரும். டேபிள் 56 நிமிடம் தருகிறது, காற்று 37 நிமிடம்தான் தருகிறது. ஒரு சிலிண்டரோடு போகிற முதல் டைவில் பெரும்பாலும் காற்றுதான் முதலில் நம்மை மேலே கூப்பிடும். இரண்டாவது டைவில் நைட்ரஜன் முந்திக்கொள்ளலாம். அந்த இடத்தில் காற்று மிச்சம் இருக்கிறதே என்று தங்குவதுதான் ஆபத்து. புதியவர்கள் இதை மட்டுமாவது மனதில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

திட்டம் போட்டது 18, போனது 20. அப்போது என்ன செய்வது?

அதற்கு ஸ்லேட்டில் முன்பே ஒரு வரி இருக்க வேண்டும். ஒவ்வொரு டைவுக்கும் மென்பொருளில் மூன்று திட்டம் போடுங்கள்: நினைத்த ஆழம், அதைவிட 2 அல்லது 3 மீட்டர் கூட, நினைத்த நேரத்தைவிட ஐந்து நிமிடம் கூட. மூன்றிலும் கிடைக்கும் நேரத்தை எழுதிக்கொள்ளுங்கள். 20 தொட்டுவிட்டால் 20இன் வரியைப் பார்த்து ஏறுங்கள்.

நேரமே தாண்டிவிட்டால் பேடி டேபிளில் அவசர விதி இருக்கிறது. ஐந்து நிமிடத்துக்குள் தாண்டியிருந்தால் 5 மீட்டரில் 8 நிமிடம் நிற்க வேண்டும், அதன்பின் ஆறு மணி நேரம் டைவ் கிடையாது. ஐந்து நிமிடத்துக்கு மேல் தாண்டியிருந்தால் காற்று அனுமதித்தால் 15 நிமிடம் நின்று, 24 மணி நேரம் டைவ் செய்யாமல் இருக்க வேண்டும். இதையும் ஸ்லேட்டின் பின்பக்கம் எழுதி வைக்கலாம். நடந்ததை நடந்தபடியே லாகில் ஏற்றுங்கள்.

கைடு கையில் கம்ப்யூட்டர் இருக்கிறது. அவர் பின்னாலேயே போனால் போதாதா?

போதாது. அவர் உங்களுக்கு இரண்டு மீட்டர் மேலே மிதந்துகொண்டிருப்பார், நீங்கள் திட்டின் அடியில் மீனைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். அவருடைய கம்ப்யூட்டருக்குத் தெரிந்தது அவருடைய ஆழம் மட்டும். நேற்றும் இன்றும் நீங்கள் செய்த டைவ் வேறு, அவர் செய்தது வேறு. கைடு ஏறச் சொன்னால் ஏற வேண்டும், அதில் மாற்றுக் கருத்தே இல்லை. அவர் சொல்லாவிட்டாலும் உங்கள் ஸ்லேட் சொன்னால் ஏற வேண்டும்.

டைவ் முடிந்ததும் "அண்ணே, உங்களுக்கு மேக்ஸ் எவ்வளவு காட்டுச்சு?" என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் கேஜ் காட்டியதற்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் ஒவ்வொரு தடவையும் வந்தால் கேஜைச் சோதிக்கக் கொடுக்க வேண்டும்.

எங்கள் ஊர்க்காரர்கள் பாகக் கணக்கில் ஆழம் சொல்கிறார்களே?

இரண்டு கையையும் விரித்தால் வருகிற நீளம் ஒரு பாகம், ஏறத்தாழ ஆறு அடி. பத்துப் பாகம் என்றால் 18 மீட்டர் சுமார். படகுக்காரர் "அங்கே பன்னிரண்டு பாகம்" என்றால் 22 மீட்டர் என்று வைத்துத் திட்டம் போடுங்கள். கயிறு விட்டு அளந்து பழகியவர்கள் சொல்கிற ஆழம் பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

கம்ப்ரசர் குழாயில் மூச்சு இழுத்து இறங்குகிறவர்கள் ஒரு கணக்கும் இல்லாமல்தானே போகிறார்கள் என்றும் சிலர் கேட்பார்கள். அப்படி இறங்கிக் கை கால் மரத்துப்போனவர்கள் பல கடற்கரைகளிலும் இருக்கிறார்கள். மூச்சைப் பிடித்துக்கொண்டு முங்குவது வேறு, அடியில் மூச்சு விட்டுக்கொண்டு இருப்பது வேறு. உடம்பு இரண்டையும் ஒன்றாக எடுத்துக்கொள்ளாது.

ஞாயிறு மதியம் டைவ் முடித்து, ராத்திரியே பெங்களூருக்குக் காரில் கிளம்பலாமா?

விமானம் மட்டும்தான் பிரச்சனை என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரம். ஏற்காடு 1500, கொடைக்கானல் 2100க்கு மேல், ஊட்டி 2240. உயரம் ஏற ஏறக் காற்றழுத்தம் குறையும், கரைந்திருக்கும் நைட்ரஜனுக்கு அது மறுபடி ஒருமுறை மேலே ஏறுவது போலத்தான்.

டைவர்களின் பாதுகாப்புக்கான அமைப்பான டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க்கின் வழிகாட்டுதல் இப்படி: டெகோ இல்லாத ஒரே ஒரு டைவ் என்றால் விமானம் ஏறும் முன் குறைந்தது 12 மணி நேரம். ஒரே நாளில் பல டைவ், அல்லது பல நாள் டைவ் என்றால் 18 மணி நேரம். விமானத்துக்குள் இருக்கும் அழுத்தம் 600 முதல் 2400 மீட்டர் உயரத்துக்குச் சமம் என்று வைத்துச் சொன்ன கணக்கு இது. மேலே சொன்ன ஊர்கள் எல்லாம் அந்த வரம்புக்குள்தான் வருகின்றன. ஆகவே மலைக்கும் பெங்களூருக்கும் அதே மணிக்கணக்கை வைத்துக்கொள்ளுங்கள். சென்னைக்கு ஈசிஆரில் போவதற்கு இந்தக் கவலை இல்லை, ஆனால் போய் இறங்கியதும் விமானம் ஏறுவதாக இருந்தால் உண்டு. லாகில் கடைசி டைவ் முடிந்த மணியைப் பார்த்து 18ஐக் கூட்டி, டிக்கெட் போடும் முன்பே சரிபாருங்கள்.

டைவுக்குப் பிறகு உடம்பு ஏதோ சரியில்லை என்றால்?

மூட்டு வலி, தோலில் அரிப்போ திட்டோ, கை கால் மரத்தல், தலைசுற்றல், வழக்கத்துக்கு மாறான அசதி. இவற்றில் எதுவாக இருந்தாலும் தூங்கி எழுந்தால் சரியாகும் என்று விடக்கூடாது. படகில் உள்ள ஆக்சிஜனைக் கொடுக்க வேண்டும், டைவ் சென்டரிடம் சொல்ல வேண்டும், 108ஐக் கூப்பிட வேண்டும். கணக்கு சரியாகத்தானே இருந்தது என்று வாதாட வேண்டாம், எல்லைக்குள் இருந்தவர்களுக்கும் இது வரும்.

மருத்துவர் முதலில் கேட்பது எத்தனை டைவ், எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம், கடைசியாக எப்போது ஏறினீர்கள் என்பதுதான். செல்போனில் ஸ்லேட் படமும் லாகும் இருந்தால் கூட வந்தவரே காட்டிவிடலாம். அவருக்கு உங்கள் போனைத் திறக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

பழைய நோட்டில் அறுபது டைவ் எழுதி வைத்திருக்கிறேன். ஒவ்வொன்றாக ஏற்ற வேண்டுமா?

வேண்டாம். எக்செல் போன்ற ஒன்றில் ஒரு வரிக்கு ஒரு டைவ் என்று தட்டி, சிஎஸ்வி கோப்பாகச் சேமித்து இம்போர்ட் செய்யலாம். எந்தப் பத்தி தேதி, எது ஆழம் என்று நீங்கள் காட்ட வேண்டும். தேதி வரிசையைக் கவனியுங்கள். 5/3 என்பது மார்ச் 5ஆ, மே 3ஆ என்று தவறாகப் புரிந்துகொண்டால் அறுபது டைவும் கலைந்துவிடும். முதலில் மூன்று வரி மட்டும் ஏற்றிப் பாருங்கள். ஆழம் எழுதாமல் விட்ட பழைய டைவுகளுக்கு எண்ணைக் கற்பனை செய்யாதீர்கள், குறிப்பாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

முடிந்ததும் கோப்பை இன்னொரு இடத்தில் பிரதி வையுங்கள். சப்சர்ஃபேஸின் கிளவுடில் மின்னஞ்சல் கொடுத்துச் சேர்ந்தால் லேப்டாப்பிலும் போனிலும் ஒரே பட்டியல் இருக்கும். 2011 தானே புயலில் கடலூரில் எத்தனை வீட்டில் கூரையும் காகிதமும் போயின என்று நமக்குத் தெரியும். நோட்டு ஒன்று மட்டும் போதும் என்று நான் சொல்ல மாட்டேன்.

ஐப்பசி, கார்த்திகையில் டைவே இல்லையே, அப்போது லாகை வைத்து என்ன செய்வது?

வடகிழக்குப் பருவமழை அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை. கடல் கொந்தளிக்கும், ஆற்று வண்டல் வந்து தண்ணீர் கலங்கிக் கிடக்கும். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புதுச்சேரிப் பக்கம் கரையைக் கடந்தபோது அடித்த மழையை மறந்திருக்க மாட்டீர்கள். அந்த மாதங்களில் நான் பழைய டைவுகளைத் திறந்து உட்காருவேன். எந்த டைவில் ஏறும் பிரஷர் 50க்குக் கீழே போனது, எடை கூடிப்போன நாள் எது, எஸ்ஏசி எண் எந்த மாதத்திலிருந்து இறங்கியது என்று பார்ப்பேன்.

தை பிறந்து மறுபடி கடல் தெளியும்போது, இடைவெளி எத்தனை வாரம் என்பதையும் லாகே சொல்லும். மூன்று மாதத்துக்கு மேல் என்றால் முதல் டைவுக்கு 10 அல்லது 12 மீட்டருக்கு மேல் நான் திட்டம் போடுவதில்லை. எஸ்ஏசி எண்ணையும் பழையதை அப்படியே எடுக்காமல் ஐந்து லிட்டர் கூட்டி வைத்துக்கொள்வேன். இரண்டு டைவ் ஆனதும் அது தானாகப் பழைய இடத்துக்கு வந்துவிடும்.